ஒளிந்து போகும் கேம்களில் கடின நிலை: நோர்மலிலிருந்து எக்ஸ்பேர்ட் வரை ஏறுவது எப்படி

போன மாசியில் ஒரு பின்னேரம் அக்காவின் மகன் தன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பரந்தனில் உள்ள என் திருத்தும் கடைக்கு வந்தான். லப்டொப்பில் பழுது ஒன்றும் இல்லை. பிரச்சினை கேமில்.

“மாமா, நோர்மல் முழுக்க முடிச்சிட்டன். ஹார்ட் போட்டா முதல் வாசலிலேயே பிடிக்கிறாங்கள். கேம் பிழையோ தெரியேல்ல.”

“சரி, இதில இருந்து ஒருக்கா விளையாடிக் காட்டு.”

பத்து நிமிடம் பார்த்தேன். கல் பதித்த தரையில் ஓடினான். காவலாளி திரும்பினான். இவன் வாளை உருவிச் சண்டைக்குப் போனான், பாதி உயிரோடு தப்பினான், அடுத்த அறைக்கு மறுபடி ஓடினான். அப்போதுதான் விடயம் விளங்கியது. இவன் நோர்மலை ஒளிந்து முடிக்கவில்லை. அடி வாங்கி முடித்திருக்கிறான். நோர்மல் அதற்கு இடம் கொடுத்தது, ஹார்ட் கொடுக்கவில்லை.

ஸ்டெல்த், அதாவது ஒளிந்து போகும், கேமில் மேல் நிலைக்கு ஏற முடியாமல் நிற்கிறவர்களில் அநேகம் பேருக்கு இதுதான் சிக்கல். கை வேகம் போதாது என்று நினைக்கிறார்கள். கை வேகம் இங்கே பெரிய காரியம் இல்லை. அவனுக்கு அன்றிலிருந்து சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காக எழுதிவைத்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று தோன்றியது.

கடின நிலை எதைத் தொடுகிறது?

சண்டைக் கேமில் ஹார்ட் என்றால் எதிரிக்கு உயிர் கூடும், உங்களுக்குக் குறையும். ஒளிந்து போகும் கேமில் அது சின்னப் பங்குதான். இங்கே மேல் நிலை உங்களிடமிருந்து மூன்று காரியங்களில் ஒன்றைப் பறிக்கும்: கேம் உங்களுக்குச் சொல்லும் தகவல், பிழை விட்டால் கிடைக்கும் மன்னிப்பு, வேலையை முடிக்க உங்களுக்கு உள்ள அனுமதி.

தகவலைப் பறிப்பதற்கு நல்ல உதாரணம் 1998-இல் வந்த மெட்டல் கியர் சொலிட். நோர்மலில் திரையின் மூலையில் ஒரு ரேடார் இருக்கும். எந்தக் காவலாளி எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று அது காட்டும். ஹார்ட் போட்டால் அந்த ரேடார் இல்லை. 2012-இல் வந்த மார்க் ஒஃப் த நிஞ்ஜாவில் கேமை ஒரு தடவை முடித்த பிறகு வரும் இரண்டாம் சுற்றில், உங்கள் ஆளின் முகம் திரும்பியிருக்கும் பக்கம் மட்டுமே தெரியும். முதுகுப் பக்கம் இருட்டு. காலடிச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டிய வட்டமும் மறைந்துவிடும். 2013-இன் ஸ்பிளிண்டர் செல் பிளாக்லிஸ்டில் பெர்ஃபெக்ஷனிஸ்ட் நிலைக்குப் போனால், சுவருக்கு அப்பால் நிற்கிறவர்களை உங்கள் ஆள் அணியும் கண்ணாடி வழியாகப் பார்க்கும் வசதி போய்விடும். ஆட்களை முன்கூட்டிக் குறித்துவைத்து ஒரே மூச்சில் சுடுவதும் முடியாது.

மன்னிப்பு என்றால் முக்கியமாக சேவ், அதாவது ஆட்டத்தை ஓர் இடத்தில் பதிந்துவைத்து, பிடிபட்டால் அங்கிருந்து மறுபடி தொடங்குவது. ஹிட்மன் 2, 2018-இல் வந்தது, அதில் மாஸ்டர் நிலையில் ஒரு மிஷனுக்கு ஒரே ஒரு சேவ்தான். கமராக்களும் கூடும். இரத்தம் சிந்தும்படி ஆளைக் கொன்றால் அவனுடைய உடுப்பை மாறுவேடத்துக்கு எடுக்கவும் முடியாது. மெட்டல் கியர் சொலிட் 3-இன் ஐரோப்பியன் எக்ஸ்ட்ரீம் இன்னும் ஒரு படி மேலே: ஒருவன் கண்டு அபாய மணி அடித்தாலே ஆட்டம் முடிந்தது. 2000-இல் வந்த புரொஜெக்ட் ஐ.ஜி.ஐ. எங்கள் பக்கத்து நெட் கஃபேக்களில் ஒரு காலத்தில் ஓடாத கொம்பியூட்டர் இல்லை. அதில் எந்த நிலையானாலும் மிஷனுக்கு நடுவில் சேவ் கிடையாது. அரை மணி நேரம் ஊர்ந்து போய், கடைசிக் கதவில் சுடுபட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கிய தலைமுறை நாங்கள். பொறுமை அங்கே பழகியதுதான்.

மூன்றாவது, அனுமதி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1998-இல் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் செய்த தீஃப்: த டார்க் புரொஜெக்ட் கடின நிலையை வேறு கோணத்திலிருந்து பார்த்தது. நோர்மல், ஹார்ட், எக்ஸ்பேர்ட் என்று மூன்று நிலை. ஏறும்போது வேலைப் பட்டியல் நீள்கிறது. முதல் மிஷனில் ஒரு பிரபுவின் மாளிகைக்குள் புகுந்து அவருடைய செங்கோலை எடுக்க வேண்டும். நோர்மலில் அதை எடுத்தால் சரி. மேலே போனால் செங்கோலோடு குறிப்பிட்ட மதிப்புக்குப் பணமும் நகையும் சேர்க்க வேண்டும். எக்ஸ்பேர்ட்டில் பெரும்பாலான மிஷன்களில் யாரையும் கொல்லவே கூடாது. ஒரே மாளிகை, ஒரே காவலாளிகள். ஆனால் நோர்மலில் எட்டிக்கூடப் பார்க்காத அறைகளுக்குள் இப்போது போயே ஆக வேண்டும். வாள் இடுப்பில் தொங்கினாலும் பயன்படாது.

மாறாக, 2000-இல் வந்த டியூஸ் எக்ஸில் ஈஸியிலிருந்து ரியலிஸ்டிக் வரை நான்கு நிலை இருந்தாலும் அவை பெரும்பாலும் அடியின் பலத்தையே மாற்றும். அங்கே ரியலிஸ்டிக் சண்டைக்காரனுக்குத்தான் கொடுமை. ஒழுங்காக ஒளிந்து போகிறவனுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஆகவே ‘ஹார்ட்’ என்ற சொல் ஒரு கேமுக்கு மற்றக் கேம் ஒரே அளவாக இருக்காது.

முதல் படி: தெரிவு செய்யும் முன் வாசியுங்கள்

நிலையைத் தெரிவு செய்யும் இடத்தில் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரி இருக்கும். அதை வாசித்து, தகவலா, மன்னிப்பா, அனுமதியா, வெறும் அடியா, எதைத் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தீஃப் மாதிரிக் கேம் என்றால் மூன்று நிலையையும் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து வேலைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். ஐந்து நிமிட வேலை. எதைப் பழக வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: திரையையும் காதையும் தயார் செய்தல்

தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வெயில் யன்னலால் அடிக்க, மலிவான திரையில் இருட்டுக் கேம் விளையாடினால் ஒன்றும் தெரியாது. உடனே எல்லோரும் செய்வது கேமின் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றுவது. அது பெரிய பிழை. வெளிச்சத்தை ஏற்றினால் நிழலுக்கும் ஒளிக்கும் உள்ள எல்லை அழிந்துவிடும். நீங்கள் இருட்டில் நிற்கிறீர்களா வெளிச்சத்தில் நிற்கிறீர்களா என்று கண்ணுக்குப் பிடிபடாது. யன்னலை மூடுங்கள், அல்லது பொழுதுபட்ட பிறகு விளையாடுங்கள். வெளிச்சம் சரிசெய்யும் பக்கத்தில் ஒரு மங்கலான சின்னத்தைக் காட்டி “அரிதாகத் தெரியும்வரை நகர்த்து” என்று சொல்வார்கள். அரிதாக என்றால் அரிதாகத்தான்.

அடுத்தது ஹெட்போன். பொருத்தும்போது இடம் வலம் மாறாமல் பாருங்கள். மாறினால் காவலாளி வரும் பக்கத்துக்கே நேராக நடந்து போவீர்கள். விலை கூடியது தேவையில்லை, இரண்டு காதும் வேலை செய்தால் போதும்.

ஹெட்போனுக்கு எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. சைரன், தேடுவிளக்கு, தலைக்கு மேல் ஹெலிகொப்டர் எல்லாம் இந்தக் கேம்களில் சாதாரணமாக வரும். 2009-க்கு முன் வன்னியில் இருந்தவர்களுக்கு அது விளையாட்டுச் சத்தம் இல்லை. மருமகன் ஒரு நாள் ஸ்பீக்கரைக் கூட்டிவைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு முற்றத்தில் போய் நின்றா. ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் அதற்குப் பிறகு பிறந்தவன். அன்று பொழுதுபட முதல் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்காமலே இதைச் செய்யுங்கள். விளையாடுகிற உங்களுக்கே அந்தக் காட்சிகள் நெஞ்சை அடைத்தால், இராணுவ முகாம் வராத கேம்கள் நிறைய உண்டு. தீஃபும் மார்க் ஒஃப் த நிஞ்ஜாவும் வேறு உலகம். பழைய யப்பானில் நடக்கும் ஷாடோ டாக்டிக்ஸும் அப்படித்தான்.

மூன்றாம் படி: காவலாளியைப் படியுங்கள்

இந்தப் படியை நோர்மலிலேயே பழகுங்கள். ஹார்ட்டுக்குப் போய்ப் பழகலாம் என்று விடாதீர்கள்.

ஒரு புது இடத்துக்கு வந்தவுடன் ஒன்றும் செய்யக்கூடாது. இருட்டில் நின்று, ஒரு காவலாளி இரண்டு முழுச் சுற்று வரும்வரை பார்க்க வேண்டும். முதற் சுற்றில் பாதையைப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் எண்ணுங்கள். எங்கே நிற்கிறான், எத்தனை எண்ணும்வரை நிற்கிறான், நிற்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறான். மருமகனுக்கு இரண்டு சுற்று பொறுக்க முடியவில்லை. மேசையில் விரலால் தட்டி எண்ணச் சொன்னேன். “ஒன்பது” என்றான். “எங்க ஒன்பது?” “விளக்கடியில. பிறகு திரும்பிறான்.” அந்த ஒன்பதுதான் அவன் கதவைத் திறந்து உள்ளே போய் மூடக் கிடைத்த நேரம். அதுவரை காவலாளி எங்கே நிற்கிறான் என்று மட்டும் பார்த்தவன், எப்போது நிற்பான் என்பதை அன்றுதான் பார்த்தான்.

பார்வையின் எல்லையைப் படிக்க 1998-இன் கொமாண்டோஸ்: பிஹைண்ட் எனிமி லைன்ஸை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. காவலாளியின் பார்வை ஒரு பச்சை விசிறியாகத் தரையில் விரியும். கிட்டிய பகுதி இளம் பச்சை, அங்கே எப்படிப் போனாலும் காண்பான். தூரப் பகுதி கடும் பச்சை, அங்கே நிலத்தோடு ஊர்ந்தால் காணமாட்டான். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவனுடைய விசிறியை மட்டும்தான் பார்க்க முடியும். ஆகவே மற்றவர்களுடையதை மனதில் வைத்திருக்க வேண்டும். அங்கே ஒரு கிழமை பழகினால், விசிறியே காட்டாத கேமிலும் தரையில் அது உங்களுக்குத் தெரியத் தொடங்கும்.

நான்காம் படி: தரை, வெளிச்சம், சத்தம்

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த பாடம். காய்ந்த பாலைச் சருகில் மிதித்தால் எவ்வளவு தூரம் கேட்கும், கிறவல் ரோட்டில் செருப்பு எப்படிக் கரையும், குளக்கட்டுப் புல்லில் நடந்தால் ஏன் கொக்குக்கூட எழும்பாது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தீஃபில் உலோகத் தகடும் ஓடு பதித்த தரையும் கிறவல் மாதிரி, கம்பளமும் புல்லும் குளக்கட்டு மாதிரி. பாசி அம்பு என்று ஒன்று தருவார்கள். அதை எய்தால் அந்த இடத்தில் பாசி படர்ந்து காலடிச் சத்தம் அடங்கும். தண்ணீர் அம்பு தீப்பந்தத்தை அணைக்கும். திரையின் அடியில் ஒரு சின்னக் கல் இருக்கும். அது மங்கினால் நீங்கள் மறைந்திருக்கிறீர்கள், ஒளிர்ந்தால் வெளியே தெரிகிறீர்கள்.

பழகும் முறை இது. ஒரு மிஷனைத் தொடங்கி, வேலை ஒன்றும் செய்யாமல், அறை அறையாகப் போய்த் தரையை மட்டும் கேளுங்கள். மெதுவாக நடந்து, சாதாரணமாக நடந்து, ஓடி. ஒவ்வொன்றுக்கும் காவலாளி எந்தத் தூரத்தில் திரும்புகிறான் என்று பாருங்கள். பிடிபட்டால் பரவாயில்லை, இன்றைக்குச் செங்கோல் எடுக்க வரவில்லை.

சுற்றுச் சத்தமும் உங்கள் பக்கம் வரும். 2005-இன் ஸ்பிளிண்டர் செல்: கேயாஸ் தியரியில் உங்கள் சத்தத்தைக் காட்டும் மானியில் அந்த இடத்தின் பொதுச் சத்தமும் ஒரு குறியாகத் தெரியும். உங்கள் சத்தம் அந்தக் குறிக்குக் கீழே இருந்தால் யாருக்கும் கேட்காது. பக்கத்துக் கடையில் ஜெனரேட்டர் ஓடும்போது நாங்கள் கத்திக் கதைத்தாலும் ரோட்டில் போகிறவனுக்குக் கேட்காததைப் போலத்தான். இடி முழங்கும்போதும் இயந்திரம் ஓடும்போதும் நகருங்கள், அது ஓயும்போது நில்லுங்கள்.

சின்ன வயதில் அப்பாவோடு வயற்காவலுக்குப் போயிருக்கிறேன். கொட்டிலில் இரவு முழுக்க இருக்க வேண்டும். கொப்பு முறியும் சத்தம் கேட்டால் எனக்கு உடனே ரோச் லைட் அடிக்கத் தோன்றும். அப்பா கையைப் பிடிப்பார். “அடிக்காதை. எந்தப் பக்கம் எண்டு முதல் கேள்.” இரண்டாவது கொப்பு முறியும். அப்போது தெரியும், யானை வாய்க்கால் பக்கம் நிற்கிறதா காட்டோரம் நிற்கிறதா என்று. ரேடார் இல்லாத ஹார்ட்டில் விளையாடும்போது நான் இன்றும் அந்த இரண்டாவது சத்தத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: பிடிபட்டால் லோட் பண்ணாதீர்கள்

இதைத்தான் யாரும் பழகுவதில்லை. எல்லாப் படியிலும் இதற்கே கூட நேரம் கொடுங்கள்.

காவலாளி “யாரது?” என்றவுடன் விரல் தானாகக் குயிக் லோட்டுக்கு, அதாவது கடைசிச் சேவுக்குத் திரும்பும் பொத்தானுக்குப் போகும். போனால் என்ன நடக்கிறது? பிடிபட்ட பிறகு வரும் முழுக் கட்டமும், அதாவது சந்தேகம், தேடல், கைவிடல், உங்களுக்குத் தெரியாமலே போகிறது. பிறகு சேவ் இல்லாத நிலைக்குப் போனால் அந்தக் கட்டத்தில் நீங்கள் முழுப் புதியவர்.

ஆகவே நோர்மலில் ஒரு மிஷனை எடுத்து வேண்டுமென்றே பிடிபடுங்கள். முதலில் பாதிச் சந்தேகம் வரும்படி, தூரத்தில் ஒரு நிழலாக. காவலாளி நிற்பான், சில அடி வருவான், தனக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்புவான். எத்தனை எண்ணும்வரை? எண்ணுங்கள். அடுத்த தடவை முழுதாகக் காணட்டும். ஓடுங்கள். ஓடும்போது மூன்று காரியம்: பார்வைக் கோட்டை முறிக்க ஒரு மூலை, சத்தத்தை முறிக்க மெல்லிய தரை, பிறகு அவர்கள் எதிர்பாராத பக்கம் ஒரு திருப்பம். கடைசியாகக் கண்ட இடத்துக்குத்தான் பெரும்பாலான கேம்களில் காவலாளிகள் தேடி வருவார்கள். நீங்கள் அந்த இடத்தில் இல்லாவிட்டால் பாதி தப்பியாயிற்று. மற்றப் பாதி அசையாமல் இருப்பது. அசையாமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஒரு கேமில் தேடலிலிருந்து பத்துத் தடவை தப்பப் பழகினால் ஹார்ட்டில் பாதிப் பயம் போய்விடும். பயம் போனால் கை நடுங்காது, கை நடுங்காவிட்டால் ஓட மாட்டீர்கள்.

2014-இன் ஏலியன்: ஐசொலேஷன் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே துரத்துவதற்கு மனிதக் காவலாளியின் ஒழுங்கான சுற்று இல்லை. துரத்தும் வேற்றுக்கிரக ஜந்து எண்ணிக்கைக்குக் கட்டுப்படாது, ஓடினால் முடிந்தது. அங்கே ஒளியும் இடத்தை முதலே பார்த்துவைத்துத்தான் அறைக்குள் கால்வைக்க வேண்டும்.

ஆறாம் படி: சேவுக்குக் கணக்கு வையுங்கள்

கேம் எத்தனை சேவ் தந்தாலும் நீங்களே ஒரு எண்ணிக்கை வையுங்கள். முதல் கிழமை ஒரு மிஷனுக்குப் பத்து. அடுத்தது ஐந்து. பிறகு மூன்று, பிறகு ஒன்று. சேவ் பண்ணும் இடம் கதவுக்கு முன் இல்லை. கஷ்டமான ஒன்றைக் கடந்த பிறகு, பாதுகாப்பான இருட்டில். ஷாடோ டாக்டிக்ஸ் மாதிரிக் கேம்கள் கடைசியாகச் சேவ் பண்ணி எவ்வளவு நேரம் என்று தாமே நினைவூட்டும். அங்கே அடிக்கடி சேவ் பண்ணுவதை ஆட்டத்தின் பகுதியாகவே வைத்திருக்கிறார்கள், அதை முறிக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. சில கேம்களில் அயன்மேன் என்று ஒரு முறை உண்டு: இறந்தால் பின்னோக்கிப் போக முடியாது. கரண்ட் நிலை சரியில்லாத நாளில் அதைத் தொடங்காதீர்கள். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் கரண்ட் நின்ற காலம் நினைவிருக்கும். அப்படி இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் ஒரு நொடி நின்று வருவது சாதாரணம். டெஸ்க்டொப்பில் சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கோப்பு பழுதாகலாம். வாரம் ஒரு தடவை சேவ் கோப்புகள் உள்ள ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் பிரதி எடுங்கள். லப்டொப் என்றால் பற்றரி உண்மையில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று ஒரு நாள் வயரைக் கழற்றிப் பாருங்கள். புதிய ஹிட்மன் கேம்களில் இணையத் தொடர்பு இருந்தால்தான் முன்னேற்றம் பதியும், அதையும் கணக்கில் எடுங்கள்.

ஏழாம் படி: உதவிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள்

நோர்மலில் இருந்துகொண்டே ஹார்ட்டை நீங்களே உருவாக்கலாம். பெரும்பாலான புதுக் கேம்களில் திரையில் தெரியும் குறிகளைத் தனித்தனியே அணைக்கும் வசதி உண்டு. முதல் நாள் சின்ன வரைபடத்தை அணையுங்கள். இரண்டு மிஷன் போகட்டும். பிறகு இலக்கைக் காட்டும் குறியை. அதன் பிறகு, காவலாளிக்கு எவ்வளவு சந்தேகம் வந்துவிட்டது என்று காட்டும் அளவியை. எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைத்தால் எதனால் தோற்றீர்கள் என்று தெரியாது. சுவருக்கு அப்பால் பார்க்கும் சக்தியைக் கடைசிக்கு விடுங்கள். அதற்குப் பழகிய கண் காதை மறந்திருக்கும், திரும்ப எழுப்ப நாள் எடுக்கும்.

எட்டாம் படி: யாரையும் தொடாமல் ஒரு மிஷன்

முதலில் கொல்லாமல். பிறகு மயக்கமடையக்கூடச் செய்யாமல். உள்ளே ஒருவர் வந்து போனதே தெரியக்கூடாது.

இது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், வீழ்த்திய காவலாளி திரும்ப வரமாட்டான், அந்தப் பாதை உங்களுக்குச் சொந்தம். வீழ்த்தாத காவலாளி சுற்றிச் சுற்றி வருவான். போகும்போதும் அவன், வரும்போதும் அவன். முழு மாளிகையும் கடைசிவரை உயிரோடு இயங்கிக்கொண்டே இருக்கும். 2012-இன் டிஸ்ஒனர்ட் இதைக் கதைக்குள்ளேயே வைத்தது: நீங்கள் கொல்லக் கொல்ல நகரத்தில் எலியும் நோயும் கூடும், காவலும் கூடும். கொல்லாமல் போனால் முடிவே வேறு.

எனக்கு இந்த வகை ஆட்டத்தின் மேல் தனி விருப்பம், மறைக்க ஒன்றுமில்லை. ஓர் இரவு முழுக்க ஆயுதங்களுக்கு நடுவே போய் ஒரு உயிருக்கும் சேதமில்லாமல் வெளியே வருவதை எத்தனை தடவை விளையாடினாலும் எனக்கு அலுக்காது.

வேகமில்லாத போன் மட்டும் வைத்திருக்கிறவர்கள் இந்தப் படியை 2014-இன் ‘ஹிட்மன் கோ’ என்ற கேமில் பழகலாம். சதுரங்கம் மாதிரி முறைவைத்து நகரும் கேம். கடின நிலை என்று மெனுவில் ஒன்றும் இல்லை, ஆனால் கட்டத்துக்குக் கட்டம் ‘யாரையும் கொல்லாதே’, ‘இத்தனை நகர்வுக்குள் முடி’ என்று மேலதிக வேலை தரும். நல்ல போன் உள்ளவர்களுக்கு ஏலியன்: ஐசொலேஷன் 2021 முதல் போனிலும் இருக்கிறது. பழைய லப்டொப் என்றால் கவலையே வேண்டாம். தீஃபும் கொமாண்டோஸும் கேயாஸ் தியரியும் தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத கணினியிலும் ஓடும்.

ஒன்பதாம் படி: இப்போது ஏறுங்கள், வேண்டுமானால் பாதியாக

நிலையை மாற்றும் நாள் வந்தால் புது மிஷனில் மாற்றாதீர்கள். ஏற்கெனவே நோர்மலில் முடித்த மிஷனை ஹார்ட்டில் போடுங்கள். வரைபடம் தலையில் இருக்கிறது, எது புதிது என்று உடனே தெரியும்.

முழு ஏற்றம் கனதி என்றால் பாதி ஏறும் வழியும் இருக்கிறது. 2020-இன் த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் டூவில் விளையாடுபவர், எதிரிகள், கூட வருபவர்கள், ஒளிதல், பொருட்கள் என்று ஐந்தையும் தனித்தனி நிலையில் வைக்கலாம். சண்டை உங்களுக்கு வராதா? எதிரிகளை இலகுவான நிலையில் விட்டு ஒளிதலை மட்டும் ஹார்ட் ஆக்குங்கள். அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லாவிலும் சண்டைக்கும் ஒளிதலுக்கும் வேறு வேறு நிலை. டிஸ்ஒனர்ட் 2-க்குப் பிறகு வந்த ஓர் அப்டேட்டில் காவலாளியின் பார்வை போன்றவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி வந்தது. 2014-இன் புது தீஃபில் பழைய கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக நீங்களே தெரிவு செய்து அடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு.

மூன்று நாள் ஒரே இடத்தில் நின்று கோபம் வந்தால் நிலையை இறக்குங்கள். அதில் வெட்கம் இல்லை. ஆனால் இறக்கிய பிறகு அந்த ஒரு இடத்தை மட்டும் கடக்காமல், எந்தப் படி பிசகியது என்று பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு தடவை மூன்றாம் படிதான்: இரண்டு சுற்றுப் பார்க்கப் பொறுமை இல்லை.

மருமகன் போன கிழமை அதே முதல் மிஷனை எக்ஸ்பேர்ட்டில் போட்டான். நான் ஒரு போனுக்குத் திரை மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் தோள் இறுகியது, பிடிபட்டுவிட்டான் என்று விளங்கியது. லோட் பண்ணுவான் என்று பார்த்தேன். பண்ணவில்லை. மூலையில் திரும்பிக் கம்பளத்தில் இறங்கி, தூணுக்குப் பின்னால் இருட்டில் பதுங்கினான். காவலாளி வாளோடு அந்தப் பக்கம் வந்தான், நின்றான், மற்றப் பக்கம் போனான், திரும்ப வந்தான். இவன் விசைப்பலகையிலிருந்து கையையே எடுத்துவிட்டான். வாய் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. நான் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு ஹெட்போன் காதைத் தூக்கி, கடைக்குள் வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

“மாமா, போயிட்டான்.”